'அவங்க'ன்னா ஷீயா, தேயா? இங்கிலீஷ்ல ப்ரோநவுன் தடுமாறாம எழுத ஒரு வழி

போன வாரம் பன்னெண்டாவது படிக்கிற ஒரு பொண்ணு லீவு லெட்டர் எழுதி எடுத்துட்டு வந்து காட்டுச்சு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு, ஸ்பெல்லிங் ஒண்ணு கூட தப்பில்ல. "மை கிராண்ட்மதர் இஸ் நாட் வெல். தே ஆர் இன் தி ஹாஸ்பிட்டல் அட் தஞ்சாவூர். ஐ ஹாவ் டு ஸ்டே வித் தெம்." நான் அந்த 'தே' மேல விரலை வச்சு, இது யாரும்மான்னு கேட்டேன். "அப்பாயி சார்." எத்தனை அப்பாயி? "ஒருத்தவங்கதான் சார்." அப்ப 'தே' எங்கேருந்து வந்துச்சு? செத்த நேரம் பேசாம நின்னுட்டு மெதுவா சொல்லுச்சு, "அப்பாயிய போயி ஷீன்னு எப்படி சார் எழுதறது, மரியாதையா இருக்காதே."

எனக்கு கோவமே வரல. அந்த பொண்ணுக்கு இலக்கணம் தெரியாதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், அதுக்கு நல்லாவே தெரியும், ஆனா தெரிஞ்சது தமிழ் இலக்கணம். கும்பகோணம் பக்கத்துல சாயங்காலம் சாயங்காலம் திண்ணையில உக்காந்து பத்தாவது பன்னெண்டாவது பிள்ளைங்களுக்கும், பேங்க் எக்ஸாம் டிஎன்பிஎஸ்சின்னு படிக்கிறவங்களுக்கும் ரொம்ப வருஷமா இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன், அதுல நான் பார்த்தது இதுதான்: ப்ரோநவுன்ல நம்ம ஆளுங்க பண்ற தப்பு பாதிக்கு மேல நல்ல தமிழ்லேருந்து வர்ற தப்பு. இங்கிலீஷ் கிராமர் புக்கு எதுலயும் அதை சொல்ல மாட்டாங்க, ஏன்னா அந்த புக்கு எழுதுனவங்களுக்கு அந்த தப்பு வராது. அதனால நான் இங்க தமிழ்லேருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல ரெண்டே ரெண்டு வார்த்தை. ப்ரோநவுன்னா ஒரு பேருக்கு பதிலா வர்ற சொல்லு: ஹீ, ஷீ, இட், தே, ஹிஸ், ஹெர், இட்ஸ், தேர் இதெல்லாம். எந்த பேருக்கு பதிலா வருதோ அந்த பேரை ஆன்ட்டிசீடன்ட்னு சொல்றாங்க, பயப்பட ஒண்ணுமில்ல, முன்னாடி வந்த பேரு, அவ்வளவுதான். கடைமடைக்கு வர்ற தண்ணி தலைப்புல தொறந்துவிட்ட அதே தண்ணிதான, அந்த மாதிரி பின்னாடி வர்ற 'ஹீ'யோ 'தே'யோ முன்னாடி வந்த பேருக்கு எல்லாத்துலயும் ஒத்துப்போகணும்.

எல்லாத்துலயும்னா மூணு விஷயத்துல. ஒண்ணா பலதா, ஆணா பொண்ணா பொருளா, பேசுறவரா கேக்குறவரா மூணாவது ஆளா. இது புதுசா? திணை, பால், எண், இடம்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணுனோமே அதேதான். "அவள் வந்தான்"னு எழுதுனா நமக்கு எப்படி உடனே காது கூசுது, அந்த கூச்சம் இங்கிலீஷ்லயும் வரணும். வர்ற வரைக்கும் கையில ஒரு பென்சில் வேணும்.

பென்சில் எதுக்குன்னா, எழுதி முடிச்சதும் ப்ரோநவுன் ஒவ்வொண்ணையும் வட்டம் போடுங்க. வட்டத்துலேருந்து பின்னாடி ஒரு அம்புக்குறி இழுத்து அது எந்த பேரை சொல்லுதோ அந்த பேருல கொண்டுபோயி முட்டுங்க. முட்டுன உடனே யாரு, எத்தனை பேருன்னு கேளுங்க. அம்பு போய் முட்ட பேரே இல்லைன்னா ஒரு தப்பு, ரெண்டு பேருல முட்டுதுன்னா இன்னொரு தப்பு, முட்டுன பேரு ஒருமை வட்டத்துல பன்மைன்னா மூணாவது தப்பு. அந்த பொண்ணோட லெட்டர்லயும் இதைத்தான் பண்ண வச்சேன். 'தே'லேருந்து அம்பு கிளம்பி 'கிராண்ட்மதர்'ல போய் நிக்குது, கிராண்ட்மதர் கடைசியில 'எஸ்' இல்ல, அதுவே கண்டுபிடிச்சு அடிச்சுட்டு 'ஷீ இஸ்'னு எழுதுச்சு, 'தெம்'மை அடிச்சு 'ஹெர்' போட்டுச்சு. ஆனா மூஞ்சியில திருப்தி இல்ல. அந்த திருப்தி இல்லாததுக்குத்தான் பதில் சொல்லணும்.

மரியாதைக்காக நம்ம பன்மைக்கு போறோம். அம்மா வந்தாங்க, டீச்சர் சொன்னாங்க, கலெக்டர் கிளம்பிட்டாங்க. வழு, வழாநிலை, வழுவமைதின்னு படிச்சிருப்பீங்க, ஒருத்தரை பன்மையில சொல்றது கணக்குப்படி வழுதான், ஆனா உயர்வு கருதி சொல்றதால அதை தப்புன்னு தள்ளாம வழுவமைதின்னு ஏத்துக்கிட்டாங்க. இங்கிலீஷ்லயும் இதே மாதிரி ஒரு அமைதி நடந்துருக்கு, ஆனா ஒரே ஒரு இடத்துல, 'யூ'ல மட்டும். பழைய இங்கிலீஷ்ல ஒருத்தர்னா 'தௌ', பல பேர்னா 'யூ' வகையறா. பெரிய மனுஷங்களை ஒருத்தரா இருந்தாலும் பன்மையில கூப்பிட ஆரம்பிச்சு, அது பரவி பரவி கடைசியில 'தௌ' பேச்சு வழக்குலேருந்தே போயிடுச்சு, எல்லாருக்கும் 'யூ'ன்னு ஆயிடுச்சு, நம்ம 'நீங்க' வந்த அதே வழி. இன்னிக்கும் ஒரே ஆள்கிட்ட பேசும்போது கூட 'யூ ஆர்'னு பன்மை வெர்ப் போடறது அந்த பழைய மரியாதையோட மிச்சம்தான். ஆனா மூணாவது ஆளுக்கு அந்த மரியாதை போகவே இல்ல. இங்கிலாந்து ராணியா இருந்தாலும் 'ஷீ'தான், நம்ம ஜனாதிபதியா இருந்தாலும் 'ஹீ' இல்லன்னா 'ஷீ'தான், அதுல யாரும் குறைஞ்சு போறதில்ல. மரியாதை அங்க வேற இடத்துல இருக்கு: பேருக்கு முன்னாடி மிஸஸ், டாக்டர், கேக்கும்போது 'குட் யூ ப்ளீஸ்'. இதை சொன்னப்புறம்தான் அந்த பொண்ணு மூஞ்சி தெளிஞ்சுது.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. மேல நானே "ஒரு பொண்ணு காட்டுச்சு"ன்னு எழுதியிருக்கேன் பாருங்க, "அதுக்கு தெரியும்"னு கூட எழுதியிருக்கேன். பிரியத்துல பிள்ளைங்களை அது இதுன்னு சொல்றது நம்ம ஊர் பழக்கம். அதை அப்படியே இங்கிலீஷ்ல 'இட்'னு கொண்டு போனா அந்த பிள்ளையை ஆளாவே மதிக்காத மாதிரி ஆயிடும். பொறந்த குழந்தை, ஆணா பொண்ணான்னு தெரியலைன்னா மட்டும் 'தி பேபி, இட்'னு எழுதறது வழக்கத்துல உண்டு, தெரிஞ்சுட்டா ஹீ இல்லன்னா ஷீ. நம்ம வீட்டு குழந்தைய பத்தி டாக்டருக்கோ ஸ்கூலுக்கோ எழுதும்போது 'இட்' வேண்டவே வேண்டாம்.

மாடு? இலக்கணத்துல பசுவை பார்த்து "என் அம்மை வந்தாள்"னு சொல்றது திணை வழுவமைதின்னு உதாரணம் வருமே, ஞாபகம் இருக்கா. இங்கிலீஷ்லயும் அப்படித்தான், பொதுவா மாடுன்னா 'இட்', நம்ம வீட்டு லட்சுமின்னா 'ஷீ' போடலாம். ஒரே கண்டிஷன், எதை எடுத்தீங்களோ அதையே கடைசி வரைக்கும் வச்சுக்கணும். முதல் வரியில "தி கவ் ஹர்ட் இட்ஸ் லெக்"னு ஆரம்பிச்சு ரெண்டாவது வரியில "ஷீ கேனாட் ஸ்டாண்ட்"னு மாத்துனா படிக்கிறவங்க ரெண்டு மாடான்னு நினைப்பாங்க. அப்புறம் நம்ம காவிரி. ஜூன் 12 மேட்டூர்ல தொறந்து தண்ணி ஊருக்குள்ள வந்து சேர்ற அன்னைக்கு "காவேரி வந்துட்டா"ன்னுதான் எங்க பக்கம் சொல்லுவோம், வேற எப்படி சொல்ல வரும். ஆனா எஸ்ஸேன்னு வந்தா ஆறு 'இட்'. "தி காவேரி ரைஸஸ் இன் கொடகு அண்ட் இட் ஃப்ளோஸ் ஈஸ்ட்." கவிதை எழுதுறீங்கன்னா தாராளமா 'ஷீ' போடுங்க. கப்பலை கூட ரொம்ப காலமா 'ஷீ'ன்னுதான் எழுதிட்டு இருந்தாங்க, கப்பல் செய்திக்குன்னே பேர் போன லண்டன் பத்திரிகை லாய்ட்ஸ் லிஸ்ட் 2002ல தான் அதை 'இட்'னு மாத்துச்சு.

பன்மையில நமக்கு ஒரு பெரிய பள்ளம் இருக்கு, நிறைய பேருக்கு அது இருக்கிறதே தெரியாது. "பத்து மாடு நிக்குது", "மூட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு". பேச்சுத் தமிழ்ல உயிர் இல்லாததுக்கும் மிருகத்துக்கும் ஒருமை பன்மை பார்க்கிறதே இல்ல, பத்தும் 'அது'தான், ஆயிரமும் 'அது'தான். அந்த பழக்கத்துல "தி பேக்ஸ் காட் வெட், ஸோ வி கவர்டு இட் வித் எ டார்பாலின்"னு எழுதிடுவோம். பேக்ஸ்னா பல மூட்டை, 'கவர்டு தெம்'னு வரணும். 'தே'ங்கிறது மனுஷனுக்கு மட்டும்னு ஒரு நினைப்பு நம்மகிட்ட இருக்கு, 'அவர்கள்'னு மொழிபெயர்த்தே சொல்லிக் கொடுத்துட்டாங்க, அதனால வந்தது. 'தே'ன்னா அவர்களும் உண்டு அவைகளும் உண்டு. இதுலயே இன்னொரு நுணுக்கம், நெல்லுன்னு சொன்னா எண்ண முடியாது, 'பேடி' எப்பவும் 'இட்'. 40 கிலோ மூட்டைன்னு கட்டிட்டா எண்ணலாம், 'தே'. கொள்முதல் நிலையத்துல நடக்கிறத ஒரே வாக்கியத்துல எழுதிப் பாருங்க: "தி பேடி வாஸ் டேம்ப், ஸோ வி ட்ரைட் இட், ஃபில்டு தி பேக்ஸ் அகெய்ன் அண்ட் வெய்ட் தெம்." நெல்லுக்கு இட், மூட்டைக்கு தெம், ரெண்டு அம்பு ரெண்டு இடத்துல போய் சரியா நிக்குது. இன்ஃபர்மேஷன், நியூஸ், லக்கேஜ், ஃபர்னிச்சர் இதெல்லாம் நெல்லு மாதிரி, எவ்வளவு இருந்தாலும் 'இட்'. கத்திரிக்கோல், பேன்ட், கண்ணாடி இதெல்லாம் ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் சிஸர்ஸ், ட்ரௌஸர்ஸ், ஸ்பெக்டக்கிள்ஸ்னு பன்மை, 'தே'.

இப்ப 'தன்'னுக்கு வர்றேன், இங்கதான் நிறைய சொல்லணும்.

"ஒவ்வொரு விவசாயியும் தன் சிட்டா அடங்கலைக் கொண்டு வர வேண்டும்." இதை இங்கிலீஷ்ல போடச் சொன்னா எத்தனை படிச்சவங்களும் 'தன்'கிட்ட வந்து நின்னுடுவாங்க. ஏன்னா தமிழ்ல 'தன்'னுக்கு ஆண் பெண் கிடையாது, ஒருமைன்னு மட்டும் சொல்லும், மத்ததை கேக்காது. இங்கிலீஷ்ல அப்படி ஒரு பொதுச்சொல்லு ஒருமையில தனியா இல்ல. ஹிஸ்ஸா ஹெர்ரா தேரா? 'எவ்ரி ஃபார்மர்' ஒருமை, அதனால 'தேர்' தப்பு, ஆம்பளை பொம்பளை தெரியலைன்னா 'ஹிஸ்' போடுன்னுதான் ரொம்ப காலமா பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. சட்டத்துலயும் அப்படித்தான், நம்ம நாட்டு ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் 1897ல 13வது பிரிவு, ஆண்பால்ல சொன்னா பெண்ணும் அதுல அடக்கம்னு சொல்லுது. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. எங்க பக்கம் வயல்ல இறங்கி நடவு நடுறது யாரு, களை பறிக்கிறது யாரு, பட்டா பொம்பளை பேர்ல இருக்கிற நிலம் எவ்வளவு இருக்கு. அப்படி இருக்கிற ஊர்ல "எவ்ரி ஃபார்மர் மஸ்ட் பிரிங் ஹிஸ் சிட்டா"ன்னு ஒரு போர்டு எழுதுனா அது பாதி பேரை விட்டுட்டு எழுதுன போர்டு.

அப்ப என்ன வழி? நான் பிள்ளைங்களுக்கு முதல்ல சொல்றது, தலையையே பன்மை ஆக்கிடு. "ஃபார்மர்ஸ் மஸ்ட் பிரிங் தேர் சிட்டா அண்ட் அடங்கல்." முடிஞ்சுது, ஒரு சண்டையும் இல்ல, எந்த வாத்தியாரும் சுழிக்க முடியாது. பத்துல ஒன்பது தடவை இதுவே போதும். ஒருமையிலதான் எழுதணும்னா 'ஹிஸ் ஆர் ஹெர்' போடலாம், ஒரு தடவை போட்டா நல்லா இருக்கும், ஒரே பாராவுல அஞ்சு தடவை போட்டா படிக்கிறவங்களுக்கு கல்லு மாதிரி இடறும். மூணாவது, "எவ்ரி ஃபார்மர் மஸ்ட் பிரிங் தேர் சிட்டா"ன்னு 'தேர்'ரையே போடறது. இதை நேத்து வந்த நாகரிகம்னு நினைக்காதீங்க, ஒருத்தருக்கு 'தே' போடறது 1375லயே எழுத்துல இருக்குன்னு ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரங்க எடுத்துக் காட்டியிருக்காங்க. நடுவுல வந்த இலக்கணக்காரங்கதான் தப்புன்னாங்க. இப்ப திரும்பவும் ஏத்துக்கிட்டாங்க, ஆராய்ச்சி கட்டுரைக்கு விதி வகுக்கிற ஏபிஏ ஸ்டைல் 2019ல வந்த ஏழாவது பதிப்புல இதை போடலாம்னே சொல்லிடுச்சு, அதே வருஷம் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 'தே'யை வருஷத்தோட சொல்லா எடுத்துச்சு. தன்னை 'தே'ன்னு குறிப்பிடச் சொல்றவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு அதையே போடறதுதான் முறை. இந்த ஒருமை 'தே'க்கும் வெர்ப் பன்மைதான், 'தே ஆர்', நம்ம "அவர் வந்தார்"ல 'ஆர்' விகுதி பன்மையிலேருந்து வந்த மாதிரி.

இங்க ஒரு குழப்பம் வரும், அந்த பொண்ணும் கேட்டுச்சு, "அப்ப நான் அப்பாயிக்கு 'தே' போட்டது சரிதான சார்?" இல்லம்மா. ஒருமை 'தே' யாருன்னு தெரியாத ஆளுக்கு, இல்ல ஆணோ பெண்ணோ யாரா வேணா இருக்கலாம்ங்கிற இடத்துக்கு. அப்பாயி யாருன்னு தெரியும், அவங்க பெண்ணுன்னு தெரியும், அதனால 'ஷீ'. 'தே' மரியாதைக்கு வர்றதில்ல, இதை மட்டும் நல்லா பிடிச்சுக்கங்க.

எக்ஸாம் எழுதறவங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு. பேங்க் எக்ஸாம் மாதிரி எர்ரர் ஸ்பாட்டிங்ல இன்னும் பழைய விதியை வச்சே கேள்வி வரும், 'எவ்ரி', 'ஈச்' வந்து பின்னாடி 'தேர்' இருந்தா அதைத்தான் தப்புன்னு எதிர்பார்ப்பாங்க, ஆப்ஷன்ல 'ஹிஸ்' இல்லன்னா 'ஹிஸ் ஆர் ஹெர்' இருந்தா அதை எடுங்க. அங்க வாதாட நேரம் கிடையாது.

'ஈச் ஆஃப்' வர்ற இடம் காது ஏமாத்துற இடம். "ஈச் ஆஃப் தி விமன் காட் ஹெர் வேஜஸ்." பக்கத்துலயே 'விமன்'னு பன்மை உக்காந்துருக்கிறதால கை தானா 'தேர்'னு எழுதும். அதுக்கு விரலால 'ஆஃப் தி விமன்'ங்கிறதை மூடிடுங்க, மிச்சம் என்ன இருக்கு, 'ஈச்', ஒவ்வொருத்தி, 'ஹெர்'. ஐதர், நைதர், ஒன் ஆஃப் எல்லாத்துக்கும் இதே விரல்தான். எவ்ரிஒன், எனிபடி, சம்ஒன், நோபடி இதுங்களும் ஒருமை. போத், ஃபியூ, மெனி, செவரல் எப்பவும் பன்மை. ஆனா சம், ஆல், மோஸ்ட், எனி, நன் இந்த அஞ்சுக்கும் விரலை எடுத்துடணும், அங்க 'ஆஃப்'க்கு அப்புறம் வர்றதுதான் முடிவு பண்ணும். "மோஸ்ட் ஆஃப் தி வாட்டர் லாஸ்ட் இட்ஸ் வே", தண்ணி, ஒருமை. "மோஸ்ட் ஆஃப் தி கனால்ஸ் ஹாவ் லாஸ்ட் தேர் ஷட்டர்ஸ்", வாய்க்கால்கள், பன்மை.

'அண்ட்' போட்டு சேர்த்தா பன்மை, அதுல விவகாரமே இல்ல, "தி காவேரி அண்ட் தி வெண்ணாறு பார்ட் அட் கல்லணை, அண்ட் தே..." அப்படின்னு போகலாம். 'தி செக்ரட்டரி அண்ட் ட்ரெஷரர்'னு ஒரே 'தி' போட்டா பெரும்பாலும் ஒரே ஆள் ரெண்டு பொறுப்பு பார்க்கிறாருன்னு அர்த்தம், 'ஹிஸ்' இல்லன்னா 'ஹெர்'. 'ஆர்', 'நார்' வந்தா கடைசியா நிக்கிற பேரைப் பார்க்கணும். "நைதர் தி இன்ஜினியர் நார் தி ஃபார்மர்ஸ் சேஞ்ச்டு தேர் மைண்ட்ஸ்." இதையே திருப்பி இன்ஜினியரை கடைசியில வச்சா 'ஹிஸ் மைண்ட்'னு முடியணும், விதிப்படி சரி, படிச்சா விவசாயிங்க காணாம போயிட்ட மாதிரி இருக்கும், அதனால பன்மையை எப்பவும் கடைசியில வைங்க.

கமிட்டி, டீம், ஃபேமிலி, கவர்ன்மென்ட் இதெல்லாம் ஒரு கூட்டத்துக்கு ஒரு பேரு. கூட்டம் ஒண்ணா செயல்பட்டா 'இட்': "தி கவர்ன்மென்ட் டிக்ளேர்டு தி டெல்டா எ ப்ரொடெக்டட் ஸோன் இன் 2020, அண்ட் இட் பாஸ்டு எ லா." 2018ல அமைச்ச காவிரி மேலாண்மை ஆணையம் கூட்டம் போட்டா "தி அதாரிட்டி ஹெல்ட் இட்ஸ் மீட்டிங்". உள்ளேயே ஆளாளுக்கு பிரிஞ்சா 'தே': "தி கமிட்டி ஆர் டிவைடட் இன் தேர் ஒப்பீனியன்." அமெரிக்கால பெரும்பாலும் ஒருமைதான், பிரிட்டிஷ்காரங்க ரெண்டும் எழுதுவாங்க. நீங்க எது எடுத்தாலும் வெர்ப்பும் ப்ரோநவுனும் ஒரே பக்கம் நிக்கணும், "தி டீம் ஹேஸ் வன் தேர் மேட்ச்"னு 'ஹேஸ்' ஒருமையில போய் 'தேர்' பன்மையில போனா எக்ஸாம்ல மார்க் போயிடும். போலீஸ் மட்டும் எப்பவும் பன்மை, 'தி போலீஸ் ஆர்', 'தே'.

இதுவரைக்கும் சொன்னது மார்க் போற தப்பு. இனிமே சொல்றது காரியம் கெட்டுப்போற தப்பு.

கஜா புயல் அடிச்ச 2018க்கு அப்புறம் எங்க தெருவுல ஒருத்தருக்கு பயிர் காப்பீடு விஷயமா இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். குத்தகை நிலம். நான் எழுதுன வரி: "தி ஓனர் லீஸ்டு தி லேண்ட் டு மை ஃபாதர் அண்ட் ஹீ பெய்ட் தி பிரீமியம்." எழுதும்போது எனக்கு தெளிவாத்தான் இருந்துச்சு, பிரீமியம் கட்டுனது அவரோட அப்பான்னு எனக்கு தெரியுமே. ஆனா 'ஹீ'லேருந்து அம்பு இழுத்துப் பாருங்க, ஓனர்லயும் முட்டுது ஃபாதர்லயும் முட்டுது. பிரீமியம் கட்டுனது யாரு, நிலத்துக்காரரா குத்தகைதாரரான்னு கேட்டு லெட்டர் திரும்பி வந்துச்சு, மறுபடி எழுதி அனுப்பி பதில் வர்ற வரைக்கும் அந்த குடும்பம் காத்துக்கிட்டு இருந்துச்சு. தப்பு முழுக்க என்னோடது. 'ஹீ'ன்னு ரெண்டே எழுத்தை மிச்சம் பிடிக்காம 'மை ஃபாதர் பெய்ட் தி பிரீமியம்'னு அந்த பேரையே இன்னொரு தடவை எழுதியிருக்கணும். அன்னைலேருந்து காசு, நிலம், தேதி சம்பந்தப்பட்ட லெட்டர்ல ரெண்டு ஆள் வந்தா நான் ப்ரோநவுனே போடறதில்ல, பேரையே திரும்ப எழுதிடுவேன், படிக்க அழகா இல்லாட்டியும் பரவாயில்ல.

இந்த பள்ளத்துல தமிழ்க்காரங்க சுலபமா விழறதுக்கு காரணம் இருக்கு. தமிழ்ல 'தான்'னு ஒரு சொல்லு இருக்கே, அது எவ்வளவு வேலை செய்யுது பாருங்க. "இன்ஜினியர் கான்ட்ராக்டர்கிட்ட, தான் நாளைக்கு வரலைன்னு சொன்னாரு." யாரு வரல? இன்ஜினியர், சந்தேகமே இல்ல. "அவரு வரவேண்டாம்னு சொன்னாரு"ன்னா அது கான்ட்ராக்டர். பக்கத்துல இருக்கிறவரை இவரு, தள்ளி இருக்கிறவரை அவருன்னும் பிரிச்சுக்கலாம். இங்கிலீஷ்ல தான், அவரு, இவரு எல்லாமே ஒரே 'ஹீ'. "தி இன்ஜினியர் டோல்ட் தி கான்ட்ராக்டர் தட் ஹீ வுட் நாட் கம்"னா யாரு வரலைன்னு சொல்லவே முடியாது. நம்ம மொழியில இருக்கிற வசதியை நம்பி அங்க போகக்கூடாது, பேரை எழுதுங்க, இல்ல அவரு பேசுன மாதிரியே மேற்கோள் குறி போட்டு எழுதுங்க.

அம்பு முட்ட பேரே இல்லாத கேஸும் உண்டு. "இன் அவர் வில்லேஜ் தே சே தி கனால் வில் பி டீசில்டெட்." யாரு சொல்றாங்க? "சொல்றாங்க"ன்னு தமிழ்ல ஆள் இல்லாமலே சொல்லிடலாம், வாய்க்கா தூர் வாரப் போறாங்களாம்னா போதும். மனுல அப்படி எழுதுனா யாரு சொன்னா எப்ப சொன்னான்னு கேப்பாங்க, 'தி அஃபிஷியல்ஸ் சே'ன்னு ஆளைப் போடுங்க. அதே மாதிரி ஒரு பெரிய வாக்கியம் எழுதிட்டு அடுத்து 'திஸ் இஸ் வெரி பேட்'னு ஆரம்பிக்கிறது. எது பேட்? 'திஸ் டிலே', 'திஸ் ரூல்'னு பின்னாடி ஒரு பேரை ஒட்ட வச்சா சரியாயிடும்.

இடம் மாறுறது சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிடறேன். "இஃப் எ ஸ்டூடண்ட் வாண்ட்ஸ் எ பஸ் பாஸ், யூ மஸ்ட் அப்ளை"ன்னு படர்க்கையில ஆரம்பிச்சு முன்னிலைக்கு தாவக்கூடாது, ஸ்டூடண்ட்ஸ்னா 'தே', இல்ல முதல்லேருந்தே 'யூ'. இட்ஸ் ரெண்டு இருக்கு, மேல கமா போட்டது 'இட் இஸ்', கமா இல்லாதது 'அதனுடைய', ஹிஸ், ஹெர்ஸ் எதுக்குமே மேல கமா கிடையாது இல்லையா, அதே இனம்னு நினைவு வச்சுக்கங்க.

"ஷீ இஸ் ஒன் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹூ ஹாவ் ஃபினிஷ்டு தேர் வொர்க்." இதுல நிறைய பேர் 'ஹேஸ் ஃபினிஷ்டு ஹெர்'னு எழுதுவாங்க, 'ஷீ'யைப் பார்த்து. 'ஹூ'லேருந்து அம்பு இழுங்க, 'கேர்ள்ஸ்'ல முட்டும், வேலையை முடிச்ச பொண்ணுங்க பல பேர், அதுல இவ ஒருத்தி. 'தி ஒன்லி ஒன் ஆஃப் தி கேர்ள்ஸ்'னு வந்தா மட்டும் முடிச்சவ ஒருத்தியேதான், அப்ப 'ஹூ ஹேஸ் ஃபினிஷ்டு ஹெர் வொர்க்'.

பழகுறதுக்கு தனி புக்கு வாங்க வேண்டாம். வீட்டுக்கு வர்ற தமிழ் பேப்பர்ல ஒரு சின்ன செய்தி எடுங்க, மேட்டூர் நீர்மட்டமோ கொள்முதல் நிலையமோ எதுவோ ஒண்ணு, அஞ்சு வரி. அதுல அவர், அவர்கள், தன், தான், அது எல்லாத்தையும் அடிக்கோடு போட்டுட்டு இங்கிலீஷ்ல எழுதுங்க, அப்புறம் வட்டம், அம்பு. ஒரு நாளைக்கு அஞ்சு வரி, ரெண்டு மாசம். இப்பவே மூணு வரி தர்றேன், பதிலை பார்க்காம எழுதிட்டு கீழ பாருங்க.

தலைவர் அம்மா தங்கள் உரையை முடித்தாங்க. ஒவ்வொரு மாடும் கன்னும் தன் கொட்டகைக்கு போயிடுச்சு. கதிரெல்லாம் சாஞ்சு போச்சு, அதை அறுக்க மிஷின் வரல.

முதல் வரி, ஒரே ஒரு அம்மா, 'தங்கள்' மரியாதைக்கு வந்தது: "தி பிரசிடெண்ட் ஃபினிஷ்டு ஹெர் ஸ்பீச்." ரெண்டாவதுல 'அண்ட்' இருக்கு, ஆனா முன்னாடி 'எவ்ரி' இருக்கிறதால ஒருமையாவே நிக்கும்: "எவ்ரி கவ் அண்ட் காஃப் வென்ட் டு இட்ஸ் ஷெட்." மூணாவதுல கதிரை 'கிராப்'னு ஒருமையா எடுத்தா "தி கிராப் ஹேஸ் ஃபாலன், அண்ட் நோ மெஷின் கேம் டு கட் இட்", 'ஸ்டாக்ஸ்'னு பன்மையா எடுத்தா "தி ஸ்டாக்ஸ் ஹாவ் ஃபாலன், அண்ட் நோ மெஷின் கேம் டு கட் தெம்." ரெண்டும் சரி, 'ஹேஸ்' போட்டா 'இட்', 'ஹாவ்' போட்டா 'தெம்'.